மாமா பேசின வீடியோவும் என் ஊமை லேப்டாப்பும்

மக்களே, போன சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். கல்யாண டின்னர்ல ஒரு வீடியோ போடணும்.

லேப்டாப்பைத் திறக்கணும். பென்டிரைவைக் குத்தணும். பட்டனைத் தட்டணும். அவ்வளவுதான்!

கல்யாணம் என் வீட்டுக்காரி யோகேஸோட தங்கச்சி துர்காவுக்கு. தாலி கட்டு முந்தின வாரமே கிள்ளான்ல கோயில்ல நல்லபடியா முடிஞ்சிருச்சு. ஏன் நல்லபடியா முடிஞ்சுதுன்னா, அதுல எனக்கு எந்த வேலையும் குடுக்கல.

டின்னர் மட்டும் பிரிக்பீல்ட்ஸ்ல, ஒரு மண்டபத்துல. "லேப்டாப் நீங்களே கொண்டு வரணும் அண்ணே"ன்னு டிஜே சொன்னதும் மொத்தக் குடும்பமும் என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. ஏன்னா நான் ஐ.டி லைன்.

அந்த ஐ.டி லைன் என்னன்னு உங்களுக்கு மட்டும் சொல்றேன். தெலுக் பங்லிமா காராங்ல ஒரு ஃபேக்டரி ஸ்டோர்ல பெட்டிக்கு பார்கோட் அடிக்கிறேன். ஸ்கேனர்ல பேட்டரி செத்துப் போனா மாத்துறதும் நான்தான். பொண்ணு பார்க்கப் போனப்போ என் கூட்டாளி அதை ஐ.டின்னு சொல்லி வச்சான். நானும் மறுத்துப் பேசல. நல்ல நேரத்துல எதுக்கு மறுத்துப் பேசிக்கிட்டு!

இப்ப அந்த வீடியோ. சாதாரண வீடியோ இல்ல.

என் மாமனார் காப்பார்ல செம்பனைக் குலை ஏத்தற லோரி ஓட்டறவரு. எவ்வளவு பெரிய லோரியா இருந்தாலும் ஒரே திருப்புல ரிவர்ஸ் எடுப்பாரு. ஆனா மேடைன்னா மனுஷனுக்கு அவ்வளவு பயம். எங்க கல்யாணத்துல, "பொண்ணோட அப்பா ரெண்டு வார்த்தை பேசுவார்"னு மைக்ல கூப்பிட்டாங்க. ஆளைக் காணோம். தேடிப் பார்த்தா பின்னாடி சமையல்காரங்களோட சேர்ந்து அண்டா கழுவிக்கிட்டு இருக்காரு!

யோகேஸ் அதை இன்னும் மறக்கல. சண்டை வந்தா கடைசியில அந்த அண்டாவுலதான் வந்து நிப்பா.

அதனால சின்ன மகளுக்கு மாமாவே ஒரு வழி கண்டுபிடிச்சாரு. மேடையில பேசாம வீடியோவுல பேசிடறது. யாருக்கும் தெரியாம, லோரி முன்னாடி நின்னு, பாத்திக் சட்டை போட்டுக்கிட்டு பேசி முடிச்சிட்டாரு. வீடியோக்காரர் அதை துர்காவோட சின்ன வயசுப் படங்களோட ஒட்டி, பென்டிரைவுல போட்டுக் குடுத்தாரு. "டின்னருக்கு முன்னாடி யார் போனுக்கும் அனுப்பக் கூடாது"ன்னு மாமா அவர்கிட்ட சத்தியம் வேற வாங்கிட்டாரு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமாவே பென்டிரைவை என் கையில குடுத்தாரு. கோயில் உண்டியல்ல காசு போடற மாதிரி ரெண்டு கையால குடுத்தாரு.

"மாப்ளே, நீங்க மட்டும் போட்டுப் பாருங்க. ஒரு இடத்துல கொஞ்சம் ஒரு மாதிரி பேசியிருக்கேன். உங்களுக்கு சரியில்லன்னா சொல்லுங்க, வெட்டச் சொல்லிடறேன்."

"நான் பார்த்துக்கறேன் மாமா! நம்ம லைன்தானே!"

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். மூடியில ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனமும் குங்குமமும் இன்னும் அப்படியே இருக்கு. அழிக்க மனசு வரல. சாமி காரியம் பாருங்க.

வீடியோவைத் தட்டினேன். திறக்க மாட்டேன்னுச்சு. என்னமோ இல்ல, என்னமோ வேணும்னு ஒரு சின்ன டப்பா வந்து நின்னுச்சு. வேற ஒரு பிளேயரை டவுன்லோட் பண்ணிப் போட்டேன். படம் வந்துருச்சு!

"யோகேஸ்! ஓடுது பாரு!"

"சத்தம் எங்க?"ன்னு குசினியிலேர்ந்து கேட்டா.

ஆமா. சத்தம் எங்க?

துர்கா தவழறா, துர்கா பல்லு விழுந்து சிரிக்கிறா, துர்கா ஸ்கூல் யூனிஃபார்ம்ல நிக்கிறா. ஒரு பாட்டும் இல்ல. அப்புறம் மாமா வர்றாரு. வாய் மட்டும் அசையுது. கை ஆட்டறாரு, நெஞ்சுல கை வைக்கிறாரு, கடைசியில கண்ணைத் துடைக்கிறாரு. ஒரு சொட்டு சத்தம் இல்ல.

வால்யூமை முழுசா ஏத்தினேன். ம்ஹூம். அணைச்சுப் போட்டேன். ம்ஹூம். அப்டேட் கேட்டுச்சு, சரின்னு குடுத்தேன். அது பாட்டுக்கு ஒரு வட்டத்தைச் சுத்த விட்டு உட்கார்ந்துக்கிச்சு. நான் சாப்பிட்டு, குளிச்சு, துணி காயப்போட்டுட்டு வந்து பார்த்தா, அப்பவும் வட்டம்தான். ஒருவழியா திறந்துச்சு. மூலையில கடிகாரம் இடம் மாறியிருந்துச்சு. சத்தம் மட்டும் வரல.

சரி, இன்டர்நெட்ல தேடுவோம். 'லேப்டாப்பில் சத்தம் வரவில்லையா? ஒரே நிமிடத்தில் சரி செய்யலாம்'னு ஒருத்தர் வீடியோ போட்டிருந்தாரு. ஆர்வமா தட்டினேன். மனுஷன் கையை ஆட்டி ஆட்டி விளக்குறாரு. நானும் தலையை ஆட்டி ஆட்டிக் கேக்கறேன்.

ரொம்ப நேரம் கழிச்சுத்தான் புரிஞ்சுது, அதுக்கும் சத்தம் வரலன்னு.

அதுக்கப்புறம் லேப்டாப்பே உதவி பண்ணுதுன்னு ஒரு பட்டன் கண்ணுல பட்டுச்சு. தட்டினேன். நல்லா யோசிச்சுட்டு, 'உங்க ஹெட்போன் மாட்டியிருக்கு, கழட்டிப் பாருங்க'ன்னு சொல்லுச்சு.

எனக்கு வந்துச்சே கோவம்! ஹெட்போனா? என்கிட்ட ஹெட்போனே கிடையாது! "கண்ணு தெரியலையா உனக்கு?"ன்னு லேப்டாப்பைப் பார்த்துக் கத்தினேன். மறுபடி தட்டினேன், மறுபடி அதையே சொல்லுச்சு. முட்டாள் மெஷின்னு மூடிட்டேன்.

யோகேஸ் வந்து நின்னா. "ஏங்க, என் கூட்டாளிகிட்ட லேப்டாப் இருக்கு. கேக்கட்டா?"

"எதுக்கு? ஐ.டி லைன்ல இருக்கற நான் இன்னொருத்தர்கிட்ட லேப்டாப் கடன் வாங்கணுமா? மானம் என்னாகறது?"

அவ கையில இருந்த துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டா. அவ அப்படிப் போனா அதுக்கு அர்த்தம் நிறைய.

அந்த நேரம் பார்த்து மாமா போன்.

"மாப்ளே, பார்த்தீங்களா?"

"பார்த்தேன் மாமா."

"சத்தம் கிளியரா இருக்கா?"

இங்கதான் மக்களே என் நாக்குல சனி உட்கார்ந்துச்சு. 'வரல மாமா'ன்னு ரெண்டு வார்த்தை. சொல்லியிருந்தா முடிஞ்சுது. ஆனா அந்த மனுஷன் குரல்ல இருந்த பயத்தைக் கேட்டதும், நாளைக்குள்ள எப்படியும் சரி பண்ணிடலாம், இப்ப எதுக்கு அவர் தூக்கத்தைக் கெடுக்கணும்னு தோணிச்சு.

"கண்ணாடி மாதிரி இருக்கு மாமா! கண்ணுல தண்ணியே வந்துருச்சு."

"அந்த ஒரு இடம்... கோவம் ஒண்ணும் இல்லையே?"

"கோவமா? எனக்கா? ஒவ்வொரு வார்த்தையும் உண்மை மாமா!"

"வெட்டச் சொல்லிடட்டா?"

"வெட்டறதா? அந்த இடம்தான் மாமா இந்த வீடியோவுக்கே உயிரு!"

அப்புறம், "நீங்க பெரிய மனசுக்காரர் மாப்ளே"ன்னு சொல்லிட்டு வச்சிட்டாரு. மகளைப் பிரியற வேதனையைத்தான் ஏதோ சொல்லியிருக்காருன்னு நானும் நினைச்சுக்கிட்டேன்.

சனிக்கிழமை காலையில பசியாறக்கூட இல்லாம கிள்ளான்ல ஒரு லேப்டாப் கடைக்கு ஓடினேன். கடை முதலாளி ஒரு சீன தவுக்கே. லேப்டாப்பை வாங்கினாரு. குங்குமத்தைப் பார்த்துட்டு முகம் மாறிடுச்சு.

"பாஸ், காராட் கா?"

துரு பிடிச்சிருச்சான்னு கேக்கறாரு! "தவுக்கே, அது துரு இல்ல, சாமி பொட்டு"ன்னேன். அவர் நம்பல. நகத்தால சுரண்டிப் பார்த்தாரு. லேப்டாப்பைத் தூக்கி, காதுகிட்ட வச்சு, தேங்காய் வாங்கறவங்க ஆட்டற மாதிரி ஆட்டிப் பார்த்தாரு.

"மதர்போர்ட் ரோசாக். டூ வீக்ஸ்." கெட்டுப் போச்சாம், ரெண்டு வாரம் ஆகுமாம்!

"தவுக்கே, டுநைட் டின்னர் லா!"

"டுநைட் கெனாட் லா பாஸ்."

வெளிய வந்து வீடியோக்காரருக்கு போன் போட்டு அவர்மேல பாய்ஞ்சேன். "என்ன வீடியோ குடுத்திருக்கீங்க, சத்தமே இல்ல!"

"என் பக்கம் நல்லாக் கேக்குது புரோ. உங்க லேப்டாப்லதான் ஏதோ. மண்டபத்து ஸ்பீக்கர்ல மாட்டினா வந்துரும், கவலைப்படாதீங்க."

முங்கிப் போறவனுக்கு அந்தத் துரும்பு போதும். லேப்டாப் ஸ்பீக்கர்தானே ரோசாக்? மண்டப ஸ்பீக்கர்ல மாட்டினா வந்துரும்! நிம்மதியா ரொட்டி சானாய் சாப்பிட்டேன். மத்தியானம் மாமா மறுபடி போன் பண்ணப்போ, "நம்பிக்கையா வாங்க மாமா, நான் இருக்கேன்ல"னுட்டேன்.

ஃபெடரல் ஹைவேயில ஜேம். பிரிக்பீல்ட்ஸ்ல பார்க்கிங் இல்ல. லேப்டாப்பைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு, பட்டு ஜிப்பா வேர்வையில ஒட்ட, படியேறிப் போனா டிஜே ரெடியா இருக்காரு. விலை குறைச்சலான பேக்கேஜ், எம்சியும் அவரே, டிஜேயும் அவரே. பாட்டெல்லாம் அவர் போன்லேர்ந்துதான் வருது. அவரைப் பிடிச்சுக் குடுத்ததும் யாருன்னு நினைக்கிறீங்க?

"அண்ணே, எங்க ப்ரொஜெக்டர் பழசு. படம் மட்டும்தான் போகும். சத்தத்துக்கு இந்த வயரை உங்க ஹெட்போன் ஓட்டையில குத்தணும்"னு ஒரு வயரை நீட்டினாரு.

குத்தினேன். போகல.

திருப்பிக் குத்தினேன். பாதியோட நின்னுச்சு.

"அண்ணே, என்ன ஓட்டை சின்னதா இருக்கு?"

"இது வேற மாடல் பாஸ். கொஞ்சம் டைட்டா இருக்கும்"னேன், பெரிய இஞ்சினியர் மாதிரி.

அதுக்குள்ள பொண்ணு மாப்பிள்ளை உள்ள வந்துட்டாங்க. எல்லாரும் உட்கார்ந்தாச்சு. முன் மேசையில மாமா, புது கோட்டு, கழுத்து வரைக்கும் பட்டன். என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டறாரு. நானும் காட்டறேன். கையில வயரு ஆடிக்கிட்டு இருக்கு.

"லேடீஸ் அண்ட் ஜென்டில்மேன், இப்ப ஒரு ஸ்பெஷல் சர்ப்ரைஸ்!"

லைட்டை அணைச்சுட்டாங்க. நானும் பட்டனைத் தட்டிட்டேன். வேற வழி?

பெரிய திரையில துர்கா தவழ்ந்தா. மண்டபமே அமைதி. பக்கத்து மேசை ஆன்டி ஒருத்தங்க, "பாட்டு இல்லாம போட்டிருக்காங்க பாரு, டச்சிங்கா இருக்கு லா"ன்னாங்க. அந்த ஆன்டிக்குக் கோயில் கட்டலாம்.

அப்புறம் மாமா வந்தாரு. லோரி முன்னாடி, பாத்திக் சட்டை. வாய் அசைஞ்சுது.

சத்தம் வரல.

அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. சத்தம் வரவே இல்ல.

முதல்ல யாரோ ஒருத்தர் சிரிச்சாங்க. அப்புறம் ரெண்டு மேசை. நான் குனிஞ்சு வயரைத் திருகறேன், டிஜே கருவியில எல்லாத்தையும் திருகறாரு. துர்கா மேடையிலேர்ந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கே! திரும்பி மாமாவைப் பார்த்தேன். அவர் முகம் செத்துப் போச்சு. விளையாட்டு இல்ல. அந்த மனுஷன் வாழ்க்கையில ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து பேசியிருக்காரு, அதையும் நான் முழுங்கிட்டேன்.

மாமா எழுந்தாரு. சரி, அண்டா கழுவப் போறாருன்னு நினைச்சேன்.

போகல. அப்படியே நின்னாரு. திரையில அவரோட வாய் அசைஞ்சுக்கிட்டு இருக்க, கீழ அவர் தொண்டையைச் செருமினாரு.

"துர்கா... அங்க நான் என்னென்னமோ பேசறேன். என்னன்னு இப்ப எனக்கு ஞாபகம் வரலம்மா."

சிரிப்பு நின்னுருச்சு.

"நீ பொறந்தப்போ நான் லோரியில குலை ஏத்திக்கிட்டு இருந்தேன். லேட்டாத்தான் வந்து உன்னைப் பார்த்தேன். அதுக்கப்புறம் நீ கூப்பிட்டு நான் ஒரு தடவைகூட லேட்டா வந்ததில்ல. ஸ்கூலுக்கு வந்தேன், டியூஷனுக்கு வந்தேன். இனிமேலும் கூப்பிடு. அப்பா லோரியை எடுத்துக்கிட்டு வந்துருவேன்."

அவ்வளவுதான் பேசினாரு. கோட்டு கையால மூக்கைத் துடைச்சாரு. துர்கா மேக்கப்பைப் பத்திக் கவலையே படாம அழறா. டச்சிங் ஆன்டி விக்கி விக்கி அழறாங்க. டிஜே அழறாரு. நானும் லேப்டாப் மேல கவுந்து அழறேன்.

அழாம இருந்தது ஒரே ஒரு ஆள். என் வீட்டுக்காரி யோகேஸ். என் பக்கத்துல வந்து நின்னு, போன் லைட்டை லேப்டாப்போட சைடுல அடிச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கா.

"ஏங்க. இந்த ஓட்டைக்குள்ள என்ன சிவப்பா தெரியுது?"

கொண்டையிலேர்ந்து ஒரு பின்னை உருவினா. உள்ள விட்டு ஒரு நெம்பு. டொக்குனு ஒண்ணு வெளிய வந்து விழுந்துச்சு.

ஊதுபத்திக் குச்சி.

எனக்கு எல்லாம் திரும்பி வந்துச்சு. ஆயுத பூஜை. காரு, மோட்டாரு, மிக்ஸி, லேப்டாப் எல்லாத்துக்கும் பொட்டு வச்சு வரிசையா நிறுத்தியாச்சு. ஊதுபத்தி குத்த யோகேஸ் ஒரு வாழைப்பழம் வச்சிருந்தா. அதை நான் தின்னுட்டேன். குத்த இடம் இல்லாம முழிச்சப்போ, லேப்டாப் சைடுல அளவெடுத்து வச்ச மாதிரி ஒரு ஓட்டை. ரெண்டு குச்சியைச் சேர்த்துச் செருகினேன், ஜம்முன்னு நின்னுச்சு. பூஜை முடிஞ்சு உருவினப்போ ஒரு குச்சி கொஞ்சம் குட்டையாத்தான் வந்துச்சு. நான் கண்டுக்கல.

அந்த லேப்டாப் பாவம், ஹெட்போன் மாட்டியிருக்கு, ஹெட்போன் மாட்டியிருக்குன்னு தலைபாடா அடிச்சுக்கிச்சு. ஊதுபத்திக்கும் ஹெட்போனுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியல. அதைப்போய் முட்டாள்னு திட்டினேன்!

குச்சி வந்ததுதான் தாமதம், டிஜே கண்ணைத் துடைச்சுக்கிட்டே வயரைச் செருகிட்டாரு. இந்த தடவை டைட்டே இல்ல. மண்டபத்துல இருந்த அத்தனை ஸ்பீக்கர்லேயும், அத்தனை பேரும் அழுது ஓய்ஞ்ச அந்த நிமிஷத்துல, மாமாவோட குரல் இடி மாதிரி வந்து இறங்குச்சு.

"கடைசியா ஒண்ணு சொல்றேன் துர்கா. உங்க அக்கா வீட்டுக்காரர் இருக்காரே, தங்கமான மனுஷன். ஆனா அவர் கையில மட்டும் எந்தச் சாமானையும் குடுத்துறாத. தொட்டதெல்லாம் ரோசாக்காயிடும். என் லோரிகூட அவர் கழுவினதுக்கு அப்புறம் ஸ்டார்ட்டே ஆகல."

படம் முடிஞ்சுது. லைட் வந்துச்சு.

மண்டபமே என்னைத்தான் பார்க்குது. முன்னாடி லேப்டாப்பு, கையில அந்தக் குச்சி.

அப்புறம் சிரிச்சாங்க பாருங்க! கேட்டரிங்காரங்ககூட தட்டை வச்சுட்டுச் சிரிச்சாங்க. துர்கா மேடையில குனிஞ்சு வயித்தைப் பிடிச்சுக்கிட்டா. போட்டோகிராபர் பொண்ணு மாப்பிள்ளையை விட்டுட்டு என்னைப் படம் எடுத்தாரு.

மாமா ஓடி வந்தாரு. உண்மையிலேயே குழம்பிப் போயிருந்தாரு பாவம்.

"மாப்ளே, வெட்டச் சொல்லவான்னு கேட்டேனே! ஒவ்வொரு வார்த்தையும் உண்மை, அந்த இடம்தான் உயிருன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா மாமா"ன்னேன்.

யோகேஸ் நேரா அவங்க அப்பாகிட்டப் போனா. அவர் கோட்டுல பட்டனைச் சரி பண்ணிவிட்டுக்கிட்டே, "அண்டாவை மன்னிச்சிட்டேன்ப்பா"ன்னா. மாமா அன்னைக்கு ரெண்டாவது தடவை மூக்கைத் துடைச்சாரு.

அடுத்த ஆயுத பூஜைக்கு இப்பவே வீட்டுல சட்டம் போட்டாச்சு: ஊதுபத்தியை வாழைப்பழத்துலதான் குத்தணும். லேப்டாப்புல குத்தினா சாமிக்குக் கேக்கும், நமக்குத்தான் ஒண்ணும் கேக்காது.